க்யூரிங் ரெஜிஸ்டர், பக்கம் 47

ஆகஸ்ட் 5, திங்கள்

முதலாளி காலை எட்டு மணிக்கே போன் செய்துவிட்டார். தனுஷ்கோடி சார் எட்டு மணிக்குப் போன் செய்தால், ஏழரைக்கு யாரோ அவரை ஏசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"ஹெலன், ஆவரங்குளம் தொட்டி ஃபைலை எல்லாம் எடுத்து வைம்மா. தணிக்கைக்காரங்க லெட்டர் போட்டுட்டாங்க. முப்பதாம் தேதிக்குள்ள ஒரிஜினல் வேணுமாம்."

ஒப்பந்தத்தின் 41ஆம் பிரிவு. வேதவசனத்தை மறந்தாலும் இது எனக்கு மறக்காது. வேலை சம்பந்தப்பட்ட எல்லாப் பதிவேடுகளையும் ஒப்பந்ததாரர் ஐந்து வருடம் பாதுகாக்க வேண்டும். கேட்டால் முப்பது நாளில் காட்ட வேண்டும். அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒவ்வொரு பதிவும் அந்தந்த நாளிலேயே எழுதப்பட்டது என்று, எழுதியவர் சான்று தர வேண்டும்.

எழுதியவர் நான்தான். டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, கொத்தனார்களை மேய்க்கலாம் என்று வந்தேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். பதினான்கு வருடம் ஆகிறது. நான் எழுதிய ரெஜிஸ்டரைப் பார்த்து இதுவரை ஒரு தணிக்கையும் முகம் சுளித்ததில்லை. தற்பெருமைதான், இருக்கட்டும்.

மொத்தம் இருபத்தொரு ஃபைல். மாலைக்குள் இருபதை எடுத்துத் துடைத்து அடுக்கிவிட்டேன். க்யூரிங் ரெஜிஸ்டரை மட்டும் காணோம். தேட வேண்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கிடைத்துவிட்டது. ஆபீசில் இல்லை. வீட்டில் என் பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. எப்படி அங்கே போனதோ.

ஆகஸ்ட் 8, வியாழன்

வீட்டில் இவர் காலையில் ஒரு சண்டை போட்டார். நம் தெருக் குழாயிலேயே நல்ல தண்ணீர் வருகிறது, மாதம் முழுக்க எதற்கு கேன் தண்ணீர் வாங்குகிறாய் என்று. குழாய்த் தண்ணீர் எனக்குச் சேரவில்லை என்றேன்.

"ஊரே குடிக்குது. ஒனக்கு மட்டும் சேரலையா?"

"ஆமா, எனக்கு மட்டும்."

"ரேடியோவையாவது கொஞ்சம் கொறச்சு வையி. வீடா, கல்யாண மண்டபமா?"

குறைத்தேன். இவர் தன் ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பியதும் திரும்பக் கூட்டி வைத்தேன். வீடு அமைதியாக இருந்தால் எனக்கு வேலை ஓடாது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று ஆபீசுக்கு இருளாயி வந்திருந்தார். காத்தமுத்து அண்ணனின் தங்கை.

காத்தமுத்து யார் என்று இங்கே எழுதியே ஆக வேண்டும், இந்த டைரிக்கு அவரைத் தெரியாது. ஆவரங்குளம் மேல்நிலைத் தொட்டி வேலையில் தண்ணீர் ஊற்றுகிறவர். கான்கிரீட் போட்டுவிட்டால் மட்டும் போதாது, அது காயாமல் ஒரு மாதத்துக்காவது ஈரமாகவே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். அதற்குப் பெயர் க்யூரிங். தினமும் மூன்று வேளை தண்ணீர் விட்டதாக நேரம் போட்டு, தண்ணீர் விட்ட ஆளின் கையெழுத்தோ ரேகையோ வாங்கி ஒரு ரெஜிஸ்டர் வைக்க வேண்டும். அண்ணனுக்கு எழுத வராது, ரேகைதான். ஐம்பது வயது இருக்கும். சைட்டிலேயே தகரக் கொட்டகையில் படுத்துக்கொள்வார். பீடி கிடையாது, தண்ணி கிடையாது. போன வருடம் செப்டம்பரில் தொட்டிக்குள் விழுந்து இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை கண்டெடுத்தார்கள்.

இருளாயி உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"யம்மா, எங்கண்ணனுக்கு வருசம் திரும்புது. மொத வருசத் திதி குடுக்கணும். எந்த நாளுன்னு தெரிஞ்சாத்தான குடுக்க முடியும்?"

"போலீஸ் பேப்பர்ல ஞாயித்துக்கிழமைன்னு இருக்கேக்கா."

"குடிச்சுப்புட்டு லீவு நாள்ல ஏறி விழுந்துட்டான்னு எழுதியிருக்காக. எங்கண்ணன் குடிக்குமா? நீங்க சொல்லுங்க."

குடிக்க மாட்டார் என்றேன்.

"எம் புருசன்தான் ஏறிப் பாத்தது. உடம்பு ஊதிப்போயிக் கெடந்துச்சாம். ஞாயித்துக்கிழமை காலைல செத்தது அப்படியா கெடக்கும்? டாக்டரு, தண்ணிக்குள்ள கெடந்ததால நேரம் சொல்ல முடியாதுன்னுட்டாரு. ஒங்க மொதலாளி, சனிக்கிழமை வரைக்கும் ரேகை இருக்குன்னு சொல்றாரு. நா யாரத்தான் கேக்குறது?"

எனக்கு இந்தத் திதி, நட்சத்திரம் எல்லாம் பழக்கமில்லை. எங்கள் சபையில் இறந்த நாளில் ஒரு ஜெபம் செய்வோம், ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாள் தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நாள் தெரியாமச் செத்தவுகளுக்கு அமாவாசைல மொத்தமாக் குடுத்துருவாக. எங்கண்ணன் என்ன அநாதையா? நீங்க அன்னாடம் எழுதுறவுக. ஒங்க நோட்டுல இருக்கும். பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததோடு ஆபீஸ் முடிந்தது. ஃபைல்களை ஆட்டோவில் ஏற்றி இவர் கடைக்குக் கொண்டுபோனேன். ஒரிஜினலைக் கொடுத்தால் பிரதி ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. கம்பி, சிமென்ட், கான்கிரீட் கட்டை சோதனை, ஆள் வருகை எல்லாம் பிரதி எடுத்து முடிந்தது. க்யூரிங் ரெஜிஸ்டரை நானே எடுக்கிறேன் என்று சொன்னேன். இவர் கேட்டால்தானே. கையில் வாங்கிவிட்டார்.

47ஆம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"ஏ ஹெலன், இதென்ன இந்த வாரத்து ரேகை மட்டும் தேஞ்சுக்கிட்டே போகுது?"

"எது?"

"திங்கக்கிழமை ரேகை நல்லா அழுத்தமா இருக்கு. செவ்வாயில கொஞ்சம் மங்கல். புதன்ல இன்னும் மங்கல். சனிக்கிழமை பாரு, இருக்கா இல்லையான்னே தெரியல. மைப்பட்டையில ஒரு தடவ தொட்டுட்டு வரிசையா ஆறு தடவ வச்ச மாதிரி இருக்கு. மெஷின்ல வேற கான்ட்ராஸ்ட் கூட்டணும் போல."

பதினான்கு வருடமாக ரெஜிஸ்டர் எழுதுகிறவள் நான். இதைக் கவனிக்க ஜெராக்ஸ் கடைக்காரர் வர வேண்டியிருக்கிறது.

"மைப்பட்டை காஞ்சுபோயிருக்கும்" என்றேன்.

"அப்ப அடுத்தடுத்த நாள்ல அது நனைஞ்சிருக்கணுமே. அடுத்த வாரத்த காட்டு."

அடுத்த வாரம் காத்தமுத்து அண்ணனின் ரேகை இல்லை. இவர் மெஷினில் வெளிச்சத்தைக் கூட்டிவைத்துப் பிரதி எடுத்தார். சனிக்கிழமை அப்படியும் விழவில்லை. வெறும் கட்டம்தான் வந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பக்கமே கண் முன்னால் நின்றது. ஒரு மனுஷன் திங்களிலிருந்து சனி வரை கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகிறான். நான் அதற்குக் கட்டம் போட்டு, நேரம் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

சரி, எழுதிவிடுகிறேன். இது ஒன்றும் கொலைக் குற்றம் இல்லை, எல்லா சைட்டிலும் நடப்பதுதான்.

க்யூரிங் ஆள் மேலே ஏறிவிட்டால் தேநீர் நேரம் தவிர இறங்க மாட்டார். அறுபது அடி ஏணி. ஒரு ரேகைக்காக அவரைக் கூப்பிட்டு இறக்கினால் அரை மணி நேரம் போய்விடும். ஆகவே திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதற்கும் வாங்கிவிடுவேன். நேரம், தண்ணீர் அளவு எல்லாம் நானே முன்கூட்டி எழுதிவிடுவேன். தணிக்கைக்காரர்கள் எந்த நாள் வந்து நின்றாலும் பக்கம் நிறைந்திருக்கும். காலியான கட்டத்தைக் கண்டால்தான் அவர்களுக்குக் கேள்வி வரும், நிறைந்த கட்டத்தை அவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 11, திங்கள் காலை அண்ணன் ஆறு ரேகை வைத்தார். மற்ற வாரங்களில் ஒவ்வொன்றுக்கும் மை தொடுவார், அன்று அவசரத்தில் ஒரே தடவை தொட்டதோடு சரி. "இன்னும் வராத நாளுக்கெல்லாம் வைக்கச் சொல்றீகளே, நான் லீவு போட்டா என்ன செய்வீக?" என்று சிரித்தார். "லீவு போட்டா ஒங்க ரேகையை வேலை வாங்குவேன்" என்றேன். நானும் சிரித்தேன்.

அந்த வாரம் மற்ற ஆட்கள் எல்லாரும் வேறு சைட்டுக்குப் போயிருந்தார்கள். சைட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவர் மேலே, நான் கீழே.

ஆகஸ்ட் 19, திங்கள்

முதலாளி நேரில் வந்துவிட்டார். சான்றிதழை டைப் செய்தே கொண்டுவந்திருந்தார். "மேற்படி பதிவேடுகளில் உள்ள பதிவுகள் அனைத்தும் அந்தந்த நாளிலேயே பதியப்பட்டவை என இதன்மூலம் சான்றளிக்கிறேன்." கீழே என் பெயர், பதவி. கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

க்யூரிங் ரெஜிஸ்டரில் ஒரு சிக்கல் இருக்கிறது சார் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன சிக்கல்? நீ எதையும் பொய்யா எழுதலம்மா. அவன் ரேகையை அவன்தான் வச்சான். அவன் கையைப் பிடிச்சு நீயா வச்ச?"

"முன்கூட்டி வச்சது சார்."

"முன்ன வச்சா என்ன, பின்ன வச்சா என்ன? ரேகை அவனோடதுதான? போன வருஷம் இன்ஸ்பெக்டர் கேட்டப்ப இதையேதான காட்டுன? இப்ப மாத்திப் பேசினா, மொதல்ல உன்னத்தான் கேப்பாங்க. என்னைய இல்ல."

அவர் மிரட்டவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. போன வருடம் இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: சனிக்கிழமை வேலைக்கு வந்தானா? நான் வாயைத் திறக்கவில்லை. ரெஜிஸ்டரைத் திறந்து அவர் பக்கம் திருப்பிவைத்தேன். அவர் படித்துவிட்டு, அப்ப ஞாயித்துக்கிழமை சொந்தமா ஏறியிருக்கான் என்று எழுதிக்கொண்டார்.

அன்று மாலைதான் ரெஜிஸ்டரை வீட்டுக்கு எடுத்துவந்தேன். எப்படி பீரோவுக்கு வந்தது என்று இப்போது ஞாபகம் வருகிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தலைவலி. லீவு.

ஆகஸ்ட் 22, வியாழன்

தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு வருடமாக அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல வெயில். நீல வண்ணம் அடித்து, பேரூராட்சி பெயரெழுதி, பார்க்க லட்சணமாக நிற்கிறது. ஒரு வெடிப்பு இல்லை, ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அண்ணன் நல்ல வேலைக்காரர்.

மோட்டார் போடுகிற ஆள், "என்ன மேடம், தணிக்கையா?" என்றார். ஆமாம் என்றேன். எங்கள் தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சிமென்ட் தரை. என் மேசை எங்கே இருந்தது என்று அடி எண்ணிப் பார்த்தேன். மேலேயிருந்து இறங்கி வருகிற இரும்புக் குழாய்க்கும் என் நாற்காலிக்கும் நடுவே நான்கே அடிதான். நான் அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

குழாயைக் கையால் தொட்டுப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையை எடுக்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். மோட்டார்க்காரர் ஷாக் அடித்துவிட்டதோ என்று ஓடிவந்தார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இருளாயி போன் செய்தார், நான் எடுக்கவில்லை. நான்கு முறை அடித்தது.

ஆகஸ்ட் 26, திங்கள்

இவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, ரேடியோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு எழுதாவிட்டால் இனி எழுதவே மாட்டேன்.

செப்டம்பர் 13, புதன். அண்ணன் பதினோரு மணிக்குத் தேநீர் வாங்க இறங்கி வரவில்லை. தினமும் வருவார், எனக்கும் சேர்த்து வாங்கி வருவார். அன்று வரவில்லை என்பது எனக்குத் தெரியும். தணிக்கைக்கு இருபத்தொரு ஃபைலையும் சரிசெய்து கொண்டிருந்தேன். தொந்தரவு இல்லாமல் வேலை நடக்கிறதே என்று நினைத்தேன். மத்தியானத்துக்குப் பிறகு மேலே தட்டுகிற சத்தம் கேட்டது. குழாய் வழியாக இறங்கி வந்தது. உள்சுவரில் துருத்திக்கொண்டிருந்த கான்கிரீட் பிசிறைக் கொத்தச் சொல்லியிருந்தோம், கொத்துகிறார் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 14, வியாழன். காலையில் வந்தபோதும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு மணிவாக்கில் இருளாயி தூக்குவாளியோடு வந்தார். அன்று அமாவாசை, வீட்டில் படைத்துவிட்டு வடையும் பாயசமும் கொண்டுவந்திருந்தார். போன் எடுக்கவில்லையே, அண்ணன் இருக்கிறதா என்று கேட்டார்.

நான் ரெஜிஸ்டரைத் திறந்து பார்த்தேன். 14ஆம் தேதிக் கட்டத்தில் ரேகை இருந்தது. காலை 7.30, தண்ணீர் விடப்பட்டது. "வந்திருக்காருக்கா, ரேகை வச்சிருக்காரே" என்றேன்.

நானே வாங்கிய ரேகை. நானே எழுதிய நேரம். ஆனால் அந்த நிமிஷம் நான் பொய் சொல்லவில்லை. ரெஜிஸ்டரில் இருக்கிறது, அதனால் ஆள் இருக்கிறார் என்று மனதார நம்பித்தான் சொன்னேன். பதினான்கு வருடம் அந்தப் பக்கங்களை மற்றவர்கள் நம்பும்படி எழுதி எழுதி, கடைசியில் நானும் நம்புகிறவளாகிவிட்டேன். இதை எந்தப் போலீஸிடம் சொன்னால் புரியும்?

இருளாயி மேலே அண்ணாந்து பார்த்தார். ஏறிப் பார்க்கட்டுமா என்றார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அப்போது சத்தம் கேட்டது. நான் விரலை உயர்த்திக் காட்டி, "கேக்குதா? மேலதான் வேலை செய்யறாரு" என்று சொன்னேன். இருளாயி முகம் தெளிந்தது. தூக்குவாளியைக் கொட்டகையில் வைத்துவிட்டு, சாப்பிடச் சொல்லுங்க என்று போய்விட்டார்.

மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று தட்டு. கொத்துகிறவன் எண்ணிக் கொத்தமாட்டான். பதினான்கு வருடம் சைட்டில் இருக்கிறவளுக்கு அது தெரியாதா? தெரியும். காதுக்குத் தெரிந்தது. மேசைக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி. தூக்குவாளி திறக்காமலே கெட்டுப்போய் நாறியது. நானே கழுவிக் கவிழ்த்தேன். இந்த மனுஷனுக்கு வாய்க்கு ருசியான சோறு கூடப் பிடிக்கவில்லை என்று முனகினேன். சத்தம் அன்றும் இருந்தது, விட்டு விட்டு, மெதுவாக. இரண்டு தட்டு. பிறகு ஒன்று. ஃபைல் வேலைக்கு நடுவில் அது தலையைக் குடைந்தது. இரண்டே காலுக்கு நின்றுவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால்தான் நேரம் தெரியும்.

அப்பாடா என்று நினைத்தேன்.

இதுதான் இருளாயி கேட்கிற நாள். இது எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. என்னிடம் மட்டும் இருக்கிறது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தொட்டிக்குள் இறங்குகிற மூங்கில் ஏணி வழுக்கி அண்ணன் உள்ளே விழுந்திருக்கிறார். இடுப்பு முறிவு என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்தார். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர், க்யூரிங்குக்காக அவரே விட்டது.

எழுதிய பிறகும் ஒன்றும் இலகுவாகவில்லை. இலகுவாகும் என்று யார் சொன்னது?

ஆகஸ்ட் 28, புதன்

இவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். கடையில் அன்று ரேகையைப் பார்த்தபோதே ஏதோ இருக்கிறது என்று தெரியும், நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன் என்றார். பிறகு, "அந்தம்மாகிட்ட சொல்லப்போறியா?" என்று கேட்டார்.

"சொன்னா, தேதி கெடைக்கும். ஆனா வியாழக்கிழமை அண்ணன் உயிரோட இருந்தாருன்னும் தெரிஞ்சுபோயிடும். பாயசத்தை வச்சுட்டுப் போனாங்கள்ல, அது."

"சொல்லலைன்னா?"

"அமாவாசைல குடுத்துருவாங்க. அநாதைக்குக் குடுக்கிற மாதிரி."

இவர் எழுந்துகொண்டார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவிவைத்தார், கல்யாணமாகி முதல் தடவை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஃபைல் ஒப்படைத்தாயிற்று.

முதலாளி டைப் செய்து தந்த சான்றிதழை வைக்கவில்லை. நானே கையால் எழுதினேன், வழக்கமான என் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். இருபது பதிவேடுகள் பற்றி எனக்குத் தெரிந்தவரை. இருபத்தொன்றாவதற்குத் தனிப் பத்தி: "மற்ற வாரங்களைப் போலவே, 47ஆம் பக்கத்தில் செப்டம்பர் 12 முதல் 16 வரையுள்ள ரேகைகள் 11ஆம் தேதி காலையிலேயே என்னால் வாங்கப்பட்டவை. 13ஆம் தேதி காலைக்குப் பிறகு திரு. காத்தமுத்துவை நான் பார்க்கவில்லை. ஆனால் தொட்டிக்குள்ளிருந்து குழாயைத் தட்டும் சத்தத்தை 13, 14 தேதிகளிலும், 15ஆம் தேதி பிற்பகல் 2.15 வரையிலும் கேட்டேன். சென்று பார்க்கவில்லை." ஒரு பிரதி தணிக்கைக்கு, ஒரு பிரதி காவல் நிலையத்துக்கு, ஒரு பிரதி என் கைப்பையில்.

காவல் நிலையத்தில் வாங்கிக்கொண்ட ஏட்டையா இரண்டு முறை படித்துவிட்டு, "இதை நீங்கதான் எழுதுனீங்களா? யாரும் எழுதச் சொல்லலையே?" என்று கேட்டார். கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

முதலாளிக்கு நானே போனில் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "பதினாலு வருஷம் சோறு போட்ட கையைக் கடிச்சுட்டியேம்மா" என்றார். பிறகு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சரி என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. அருப்புக்கோட்டை பஸ் பிடித்து இருளாயி வீட்டுக்குப் போனேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். அவர் வாசலில் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ராட்டையை நிறுத்தாமலே, "போனு எடுக்க மாட்டேங்கிறீகளே" என்றார்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் பேச வராது என்று தோன்றியது.

"வெள்ளிக்கிழமைக்கா. செப்டம்பர் பதினஞ்சு. மத்தியானம் ரெண்டே கால்."

ராட்டை நின்றது. விரல் மடக்கி எண்ணினார். "அமாவாசைக்கு மறுநா. பிரதமை. அப்ப இந்தச் செவ்வாக்கெழம வருது." முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

"ஒங்க நோட்டுல இருந்துச்சா?"

"நோட்டுல இல்ல. நோட்டுல இருந்தது பொய். அந்த ரேகையெல்லாம் திங்கக்கிழமையே நான் வாங்கி வச்சது."

"அப்புறம் எப்படி மணி வரைக்கும் தெரியும்?"

எல்லாவற்றையும் சொன்னேன், அப்பாடா என்று நினைத்தது உட்பட. கைப்பையிலிருந்த பிரதியை எடுத்து நீட்டினேன். படிக்கத் தெரியாது, படித்துக் காட்டுங்கள் என்றார். படித்தேன். "சென்று பார்க்கவில்லை" என்ற இடத்தில் நிறுத்தினார். அதை மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடி படித்தேன்.

பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டே இருந்தது.

"வியாழக்கெழம நா வந்தப்ப?"

"இருந்தாருக்கா."

"நீங்க வெரலக் காட்டிக் கேக்குதான்னு கேட்டீகளே. அது?"

"அவருதான்."

அவர் அழவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அப்படியே குனிந்து இருந்தார். தோள் மட்டும் ஆடியது. நான் தொடப் போனேன், தள்ளிவிட்டார். தள்ளிய கையில் பலம் இருந்தது. நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

கடைசியில் நிமிர்ந்து முகத்தைத் துடைத்தார். அறுந்துபோன நூலைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"செவ்வாக்கெழம காலைல எட்டு மணிக்கு வந்துருங்க."

நான் எதற்கு என்றேன். வேறு ஆள், வேறு வேதம், உங்கள் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஏதேதோ உளறினேன்.

"ஒங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீக. அது எந் தலமுறையில நடக்காது. ஆனா எங்கண்ணன் கூப்பிட்டது காதுல விழுந்த ஆளு, ஒலகத்துல நம்ம ரெண்டு பேருதான். அத நா ஒருத்தியாச் சொமக்க மாட்டேன். நீங்க வந்து உக்காருங்க."